மூன்று நாள் பச்சரிசி

ஸ்ரீ துர்க்கை துணை

டார்ஜிலிங்
22 அக்டோபர் 1980

வணக்கத்துக்குரிய நிராபத அண்ணா,

அம்மனைக் கரைத்து மூன்று நாள் ஆகிறது. என் விஜயதசமி வணக்கத்தைப் பாதங்களில் ஏற்றுக்கொள்ளுங்கள். மார்ச்சளி எப்படி இருக்கிறது? எனக்கு விரல் மடக்க முடியவில்லை, மற்றபடி குறையில்லை.

ஆடியிலிருந்து உங்கள் கடிதம் ஒன்றுகூட இல்லை. வீட்டு முகவரிக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பதால் வழக்கம்போல ரயில் பட்டறைக்கே எழுதுகிறேன். ஆறாம் அறையைக் கழுவி, ரஜாய்ப் போர்வையை வெயிலில் போட்டாயிற்று. எந்தத் தேதி வண்டி என்று ஒரு வரி போடுங்கள். போன வருஷம் கொண்டுவந்த கோவிந்தபோக் அரிசி தீர்ந்துவிட்டது. சின்னது சுவரில் கரியால் கோடு போட்டு நாள் எண்ணுகிறது. சுண்ணாம்பு அடித்த கூலி உங்கள் கணக்கில்தான்!

எல்லோரும் வழி பார்க்கிறோம்.

வணக்கத்துடன்,
கனகலதா சிக்தார்


காஞ்சராபாரா
2 நவம்பர் 1980

கனகலதா சிக்தார் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நலமா? நான் நலமில்லை.

நீங்கள் கடிதம் எழுதிய ஆள் இப்போது உயிரோடு இல்லை. ஆகஸ்ட் 11 அன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, சட்டையில் ஒரு கை போட்டிருந்தார், இன்னொரு கை போடவில்லை. அப்படியே உட்கார்ந்தார். டாக்டர் வந்து பார்த்து இதயம் என்றார். காரியமெல்லாம் அவர் தம்பி மகன் செய்து முடித்தான்.

நான் அவர் மனைவி. பெயர் பிந்துவாசினி. நாலாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்தில் பிழை இருக்கும். இருந்தாலும் இந்தக் கடிதத்தை வேறு யாரையும் வைத்து எழுத மனசில்லை.

உங்கள் கடிதத்தைப் பட்டறையிலிருந்து ககேன் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரரோடு இருபது வருஷம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். வாசலில் நின்று, "அண்ணி, அண்ணன் பேருக்கு ஒரு லெட்டர். மலையிலேர்ந்து வந்திருக்கு," என்றார். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூஜை சமயத்துல வருஷா வருஷம் வரும்," என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

வருஷா வருஷம் வந்த கடிதம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மலைக்காற்று மார்புக்கு நல்லது என்று வருஷத்துக்கு ஒருமுறை போவார். எங்கே தங்குவீர்கள் என்று கேட்டால் தர்மசாலை என்பார். கிழவர்களும் சாமியார்களும்தான் இருப்பார்கள் என்பார். உங்கள் எழுத்து சாமியார் எழுத்தாகத் தெரியவில்லை. அண்ணா என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதினால் ஆகிவிடுமா?

என் வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். ஒரு பெண் இருந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். ஒளிக்க வேண்டியவர்கள் என்று இங்கே யாரும் இல்லை. சொல்லுங்கள், நீங்கள் யார்? அந்தச் சின்னது யார்?

பிந்துவாசினி ஹால்தார்


டார்ஜிலிங்
14 நவம்பர் 1980

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

எந்த வாயால் ஆறுதல் சொல்வேன்! உங்கள் கடிதத்தைப் படிக்கட்டில் நின்றே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்தா இந்தச் செய்தி எங்களுக்குத் தெரிய வேண்டும்? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நான் இங்கே ஏழு அறை வைத்து, வந்து போகிறவர்களுக்கு வங்காளச் சாப்பாடு போட்டுப் பிழைப்பவள். அண்ணன் இந்த வீட்டுக்கு வாடிக்கை. சின்னது என்று எழுதியது சமையல்காரியின் பெண்ணை. அண்ணன் வரும்போதெல்லாம் அதற்கு மிட்டாய் வாங்கித் தருவார். அவ்வளவுதான். தர்மசாலையில் சளிக்கு வெந்நீர் கிடைக்காது என்று இங்கே வந்தார். உங்களிடம் ஏன் வேறு சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அவரை இந்த வீடு மறக்கவில்லை, அண்ணி. செய்தி வந்த அன்றிலிருந்து மூன்று நாள் பச்சரிசியும் வாழைக்காயும் ஒரே பானையில் வெந்தன. எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை. இந்தக் குளிரில் காலில் செருப்பில்லாமல், தலை வாராமல், தரையில் படுத்து எழுந்தோம். நாலாம் நாள் புரோகிதர் வந்து பிண்டம் வைத்துப் போனார். அவர் ஆத்மா குளிர்ந்திருக்கும்.

மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

தங்கை போன்ற,
கனகலதா


காஞ்சராபாரா
25 நவம்பர் 1980

கனகலதா சிக்தாருக்கு,

கடிதம் கிடைத்தது. விரல் வலி தேவலையா? எனக்கு முழங்கால்.

நான் படிக்காதவள்தான், ஆனால் ஒரு வரியை நாலு தரம் படிப்பேன். வாடிக்கைக்காரர் செத்தால் ஓட்டல் வைத்திருப்பவள் பிண்டம் வைப்பாளா? எங்கள் தெருமுனை டீக்கடைக்காரன், இருபது வருஷம் என் வீட்டுக்காரருக்கு டீ ஊற்றியவன், பாக்கி இருக்கிறதா என்றுதான் கேட்டான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவருடைய ஹோல்டாலை இன்றுதான் பிரித்தேன். அந்தப் படுக்கைச் சுருட்டை என்னைத் தொட விடமாட்டார். ஊரிலிருந்து வந்ததும் தானே மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் உதறுவார். "தூசி, உனக்கு ஆகாது," என்பார். தலைமாட்டுப் பையில் கையை விட்டேன். ஒரு கம்பளிக் காலுறை இருந்தது. ஒற்றை. என் கட்டை விரல் நீளம்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் காலுறை.

சமையல்காரி பெண்ணின் காலுறையை யாராவது தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவார்களா?

ககேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ரயில்காரர்களுக்குப் பாஸ் மனைவியையும் சேர்த்துத்தானே எழுதித் தருவார்கள், இவர் ஏன் ஒரு ஆளுக்கு மட்டும் எழுதி வாங்கினார் என்று.

"அண்ணி, உங்களுக்குக் குளிர் ஆகாதுன்னு சொன்னாரு."

"எனக்குக் குளிர் ஆகாதுன்னு எனக்கே தெரியாதே! நான் குளிரப் பார்த்தது எப்போ?"

"செத்தவர் மேல சந்தேகப்படாதீங்க. பாவம் புடிக்கும்."

"உயிரோட இருந்தப்போ படலயே, அதான் இப்போ புடிச்சிருக்கு."

அவர் படத்துக்கு நேற்று வரை தினமும் ஒரு செம்பருத்தி வைத்தேன். இன்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் நான் யாரோடு குடித்தனம் செய்தேன் என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பக்கம் திருப்புவேன். அந்தப் படத்தை எரிப்பதா கும்பிடுவதா என்பது உங்கள் பதிலில் இருக்கிறது. என் மனசில் இருப்பதை நேராகவே கேட்கிறேன். அவர் கையால் உங்கள் வகிட்டில் குங்குமம் ஏறியதா? அந்தக் குழந்தை உங்களுடையதா?

பிந்துவாசினி


டார்ஜிலிங்
20 டிசம்பர் 1980

அண்ணிக்கு வணக்கம்.

முழங்காலுக்குக் கடுகெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தேயுங்கள். இங்கே குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. காலையில் கெட்டிலால் ஊற்றித்தான் திறக்கிறோம்.

பதில் எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். பத்தொன்பது வயதில் வகிட்டுக் குங்குமத்தை அழித்துக்கொண்டவளிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் ஒவ்வொரு வருஷமும் காளி பூஜை முடிந்த பிறகும் ஏன் தங்கினார் தெரியுமா? அண்ணன் பொட்டு நாளுக்காக. என் கூடப்பிறந்தவன் ஆற்றோடு போனான். அவனுக்குப் பதில் உங்கள் வீட்டுக்காரர் நெற்றியில் ஒன்பது வருஷம் இந்த விரலால் சந்தனம் வைத்தேன். எமன் வாசலில் முள் போட்டேன் என்று சொல்லிச் சொல்லி வைத்தேன். இந்த வருஷம் விரலில் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் உங்கள் கடிதம் வந்தது.

பொட்டு வைத்த கையால் பொய் எழுத மாட்டேன். அந்தக் குழந்தை என்னுடையது இல்லை. சமையல்காரியின் குழந்தையும் இல்லை. அது நான் எழுதிய பொய். மற்றதைக் கேட்காதீர்கள். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்கென்றால் அவரிடமே போய்த் திருப்பிக் கேட்கலாம்.

கனகலதா


காஞ்சராபாரா
3 ஜனவரி 1981

கனகலதாவுக்கு,

குளிர் எப்படி? எண்ணெய் தேய்த்தேன், கேட்கவில்லை.

உங்களைப் பற்றி நினைத்தது தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். பொட்டு வைத்ததை நம்புகிறேன். அதில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இப்போது சந்தேகம் முன்பைவிட மோசம். இதைக் கேளுங்கள். நீங்கள் விதவை என்கிறீர்கள். அப்படியென்றால் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் உங்கள் பானையில் பச்சரிசிதானே, என்னுடையதைப் போல? பிறகு எதற்கு "மூன்று நாள்" என்று கணக்கு எழுதினீர்கள்? உங்களுக்காக இருக்காது. மற்ற நாட்களில் மீனும் புழுங்கலரிசியும் சாப்பிடுகிற யாரோ ஒருத்தருக்காக அந்தப் பானை ஏறியிருக்கிறது. புருஷனோடு இருக்கிற ஒருத்தி. வகிட்டில் குங்குமம் உள்ள ஒருத்தி. யார் வைத்த குங்குமம்?

அவள் பெயரைச் சொல்ல வேண்டாம். சண்டைக்கு வரமாட்டேன், தலைமுடியைப் பிடிக்க மாட்டேன், அந்த வயசெல்லாம் போய்விட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

இரண்டு பேர் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டேனா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

பிந்துவாசினி


காஞ்சராபாரா
17 பிப்ரவரி 1981

கனகலதாவுக்கு,

நலம்தானே? ஆறு வாரம் ஆகிறது, பதில் இல்லை. இனி நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

போன வாரம் எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு சாவுச் செய்தி வந்தது. அந்த வீட்டு மருமகளின் அப்பா பாங்குராவில் இறந்துபோனார். நாலாம் நாள் பழம் நறுக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அரிவாள்மணையில் உட்கார்ந்து பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமியார்க்காரி புலம்பிக்கொண்டே இருந்தாள்.

"மூணு நாளா மகாராணி அடுப்புப் பக்கம் வரல. தல வாரல, எண்ண வைக்கல. என் மவன் ஓட்டல்ல தின்னுட்டுப் போறான்."

"அப்பன் செத்தா இருக்கத்தானே செய்வா?"

"இருக்கட்டும், வேணாம்னா சொன்னேன்? நல்ல வேள, கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு மூணு நாளோட போச்சு. பொண்டாட்டி புள்ளைன்னா மாசம் பூரா இருக்கணுமே!"

பப்பாளியோடு என் விரலும் சேர்ந்து நறுக்கிக்கொண்டது.

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. என் அப்பாவுக்கு நானே மூன்று நாள் இருந்து, நாலாம் நாள் பிண்டம் வைத்திருக்கிறேன். பொண்டாட்டியோ பிள்ளையோ எங்கே இருந்தாலும், எத்தனை நாள் கழித்துக் காதில் விழுந்தாலும், முழுத் தீட்டு. கல்யாணமான மகளுக்குத்தான் மூன்று நாள். உங்கள் கடிதத்தில் அது பச்சையாக எழுதியிருந்தது. நாலு தரம் படித்தேன். எனக்கு மகள் இல்லை என்று பதினொரு வருஷம் சொல்லிச் சொல்லி, அந்தக் கணக்கு தலையில் ஏறவே இல்லை.

உங்களுக்கு முதல் கடிதத்தில் என்ன எழுதினேன்? போய்விட்டாள் என்று எழுதினேன். செத்தாள் என்று எழுதவில்லை. நானும் மறைத்தவள்தான்.

என் மகள் டுனுவுக்கு அப்போது பத்தொன்பது வயசு. அவர் கைக்கடியில் வேலை பழக மலைநாட்டுப் பையன் ஒருத்தன் வந்தான். தில்குமார் ராய். வீடு வாசல் இல்லாதவன் என்று இவரே சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். நான்தான் பரிமாறினேன். ஒரு நாள் அவனும் இல்லை, டுனுவும் இல்லை. தெருவே சிரித்தது. தர்ப்பையில் பொம்மை கட்டி எரித்து, அவளுக்குக் கருமாதி செய்ய வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் மாட்டேன் என்றார். நான் இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆற்றங்கரைக்குப் போய்ப் பொம்மைக்குத் தீ வைத்துவிட்டு வந்தார்.

அதுவரை என்னை "டுனு அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பிறகு எனக்குப் பெயரே இல்லை. "இந்தா", "கேட்டியா" என்பார், அவ்வளவுதான்.

அவளா? ஆமாமா, இல்லையா?

பிந்துவாசினி


டார்ஜிலிங்
28 பிப்ரவரி 1981

அண்ணி,

உங்கள் விரல் ஆறியதா?

ஆமாம்.

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், நான் வாக்கு மீறவில்லை.

என் வீட்டுக்குக் கீழே இரண்டாவது சந்தில் இருக்கிறாள். தையல் இயந்திரம் வைத்திருக்கிறாள். தில்குமார் இங்கே சின்ன மலை ரயில் பட்டறையில் இருக்கிறான். குடிக்க மாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். ஒரே பெண், எட்டு வயசு. குழந்தை பிறக்கப்போகிறது என்று தில்குமார் அண்ணனின் பட்டறைக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறான். அந்த வருஷம்தான் அண்ணன் முதல் தரம் வந்தார். ஹோல்டாலைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்று, "இங்க ராய்னு ஒருத்தன்..." என்றவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. உங்களுக்குத் தெரியாமல் அங்கே படுத்தால் தூக்கம் வராது என்பார். ஆறாம் அறையில்தான் படுப்பார்.

நான் கேட்டிருக்கிறேன். "அண்ணிகிட்ட சொல்லிட வேண்டியதுதானே அண்ணா?" என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ கேட்டா சொல்லிடுவேன் கனக். ஒவ்வொரு தரமும் வண்டியில வரும்போது அதத்தான் நினைச்சுக்கிட்டு வருவேன். என்ன பார்த்தீங்க, யாரப் பார்த்தீங்கன்னு ஒரு தரம் கேக்கட்டும். இருமல் கொறஞ்சுதான்னு கேப்பா. கொறஞ்சுதும்பேன்."

நீங்கள் எழுதியதை டுனுவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஒரு வரி எழுதேன் என்றேன். இயந்திரத்தை நிறுத்தாமலே, "செத்தவங்க லெட்டர் எழுத முடியாது சித்தி," என்றாள்.

கனகலதா


காஞ்சராபாரா
21 மார்ச் 1981

கனக்,

நலமா? விரல் ஆறிவிட்டது. வடு இருக்கிறது.

ஏப்ரல் 4, டார்ஜிலிங் மெயிலில் எனக்கு இடம் எழுதியாயிற்று. ககேன்தான் வரிசையில் நின்று வாங்கினார். நடுப் பெர்த்தாம். "கவல வேணாம் அண்ணி, சங்கிலி இருக்கு, விழாது," என்கிறார். அவர் சொன்ன எதை நம்பினேன், இதை நம்ப!

புரோகிதரைக் கேட்டேன். கருமாதி செய்த ஆள் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஆள் புதிதாகப் பிறந்ததாக வைத்து, முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டுமாம். பெயர் வைக்க வேண்டும், முதல் சோறு ஊட்ட வேண்டும்.

டுனுவிடம் சொல்லாதே. ஜல்பாய்குரியில் இறங்கி, அடுத்த வண்டியிலேயே நான் திரும்பினாலும் திரும்புவேன். என்னையே நான் நம்பவில்லை.

பிந்துவாசினி


டார்ஜிலிங்
27 மார்ச் 1981

அண்ணி,

வணக்கம். ஜீப்பில் முன் சீட்டு கேளுங்கள், வளைவில் வாந்தி வராது. ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ஸ்வெட்டர் இல்லையென்றால் அவருடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லவில்லை.

கனக்


காஞ்சராபாரா
26 ஏப்ரல் 1981

அன்புள்ள கனக்,

நல்லபடி வந்து சேர்ந்தேன். உன் விரலுக்கு நான் அனுப்பிய வேர்ப்பொடி வந்ததா?

டுனுவும் நானும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினோம் என்று கிளம்பும்போது கேட்டாய். ஜீப் ஹாரன் அடித்துவிட்டான். இப்போது எழுதுகிறேன்.

முதலில் ரயிலைச் சொல்ல வேண்டும். அவருடைய ஹோல்டாலை விரித்துப் படுத்தேன். எதிரில் ஒரு குடும்பம். பூரியும் உருளைக்கிழங்கும் பிரித்து வைத்துக்கொண்டு, முதலில் பார்க்க வேண்டியது பனிமலையா குகையா சின்ன ரயிலா என்று குழந்தைகள் சண்டை. எல்லோரும் குரங்குக் குல்லாவை சியால்தா ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டுவிட்டார்கள். அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

"பெரியம்மா, தனியாவா போறீங்க? அங்க யார் இருக்கா?"

யாரும் இல்லை, சாமி பார்க்கப் போகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பொண்ணு இருக்கா," என்றேன்.

"அப்படியா! எத்தன வருஷமா?"

"ரொம்ப வருஷமா."

"வருஷா வருஷம் போவீங்களா?"

"வீட்டுக்காரர் போவாரு," என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஒரு பூரி கொடுத்தாள். விதவைக்குப் பூண்டு ஆகுமா என்றுகூட யோசிக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன். சங்கிலியைப் பிடித்தபடி ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். ஒன்பது தரம் இந்த வண்டியில் திரும்பி வந்தார் அல்லவா? ஒவ்வொரு தரமும் நான் என்ன கேட்டேன் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். இருமல், இருமல், இருமல்.

உன் அடுப்படியிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகக் கீழ்ச் சந்துக்குப் போனதைத்தான் நீ பார்த்தாய். சின்னதுதான் கதவைத் திறந்தது. முன்பல் இரண்டு இல்லை. நான் யார் என்று சொல்லத் தெரியாமல் முந்தானையிலிருந்து காலுறையை எடுத்து நீட்டினேன். அது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "அம்மா! என் இன்னொரு சாக்ஸு! தாத்தா திருடிக்கிட்டுப் போனாரே, அது!" என்று கத்தியது.

டுனு எழுந்து வந்தாள். தலையில் நரை ஓடியிருக்கிறது. முப்பது வயசுதான், கனக். குழந்தையை உன்னிடம் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"யாரப் பாக்க வந்தீங்க?"

"உன்னத்தான்."

"நான் செத்துப் பதினொரு வருஷம் ஆச்சே. பிண்டமெல்லாம் நல்லா வந்து சேந்துது. எள்ளு கொஞ்சம் கம்மி."

என் மகள்தான். நாக்கு மாறவில்லை.

நான் டப்பாவைத் திறந்தேன். வந்ததும் உன் அடுப்பை அரை மணி நேரம் கேட்டேனே, அது இதற்குத்தான். கோவிந்தபோக் அரிசிப் பாயசம், ஊரிலிருந்து அரிசி கொண்டுவந்திருந்தேன். புரோகிதர் சொன்னதை அவளிடம் சொன்னேன். புதிதாகப் பிறந்ததாக வைத்து முதல் சோறு ஊட்ட வேண்டும் என்று.

"எனக்குப் பசிக்கல."

"முதல் சோறு ஊட்டறதுக்குக் கொழந்தையப் பசிக்குதான்னு யாரும் கேக்கறதில்ல. வாயத் திற."

"அப்பா இருந்தப்போ வந்திருக்கலாம்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்தேன், கனக். ஒரு வாய் எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். விரல் வடுவைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"பப்பாளி நறுக்கினேன்."

"உனக்கு எப்பவும் அரிவாமணைல பராக்கு," என்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நீங்கள் என்று சொன்னவள் நீ என்று சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. அழவெல்லாம் இல்லை. தில்குமார் வந்ததும் அவனும் ஒரு தட்டு சாப்பிட்டான். சர்க்கரை போதாது என்றான்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திருப்பினேன். ஒரு செம்பருத்தி வைத்தேன். "யாரப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

உன்,
பிந்து அண்ணி


ஸ்ரீ துர்க்கை துணை

டார்ஜிலிங்
11 அக்டோபர் 1981

அம்மாவின் பாதங்களுக்கு,

விஜயதசமி வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

எந்தத் தேதி வண்டி என்று ஒரு வரி போடு. கனக் சித்தி ஆறாம் அறையைக் கழுவி வைத்திருக்கிறாள். அங்கே வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். படுக்கை இங்கேதான்.

சின்னது சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்துவிட்டது.

டுனு